பைத்துல்மால் பணம் அகதிகளுக்குப் போகலாமா? போகலாமென்றால் யார் கையில்?

வெண்ணாற்றங்கரை

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற நண்பர்களுக்கு வணக்கம்.

எங்களுடையது கூத்தாநல்லூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே உள்ள சின்ன மஹல்லா, ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பு. ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மால் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. ஜகாத் (கடமையான தானம்), ஸதகா (விரும்பிக் கொடுக்கும் தானம்) என்று ரமலானில் வருவதை விதவைகளுக்கு மாத உதவி, கல்யாண உதவி, ஆஸ்பத்திரிச் செலவு எனப் பிரித்துக் கொடுத்துவிடுவது வழக்கம். இந்த முறை சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற பையன்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்கள். வசூலில் ஒரு பங்கை அகதிகளுக்கு ஒதுக்க வேண்டுமாம். ஒருவர் காசா என்கிறார், ஒருவர் ரோஹிங்கியா என்கிறார், இன்னொருவர் திருச்சி கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் என்கிறார். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஊர்ல ஓடு மாத்த வழியில்லாத வீடு இருக்கு, இவங்க உலகத்துக்குப் பந்தல் போடக் கிளம்பிட்டாங்க."

ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். மார்க்கப்படி கூடுமா, சட்டப்படி கூடுமா, கூடுமென்றால் யாரிடம் கொடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உணர்ச்சிவசப்பட்டு எழுத வருபவர்களுக்கு வேறு இழைகள் நிறைய இருக்கின்றன.

அதிரை காக்கா

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. முதலில் உங்கள் மஹல்லா எந்த மத்ஹபு, அதாவது மார்க்கச் சட்டத்தில் எந்த வழி? கரையோரம் நாங்கள் பெரும்பாலும் ஷாஃபி. வசூலான ஊரில் தகுதியானவர்கள் இருக்கும்போது ஜகாத்தை வெளியூருக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் ஷாஃபியில் வலுவான கருத்து. ஹனஃபியில் வெளியூருக்கு அனுப்புவது மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது. ஆனால் அங்கே தேவை அதிகம் என்றாலோ, உறவுக்காரர் இருந்தாலோ அந்தக் குறை இல்லை. ஆகவே முத்தவல்லி சொன்னதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் பேசியதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது.

வீடு வாசலை விட்டு வந்தவர் ஜகாத் வாங்கத் தகுதியானவரா என்பதில் சர்ச்சையே இல்லை. குர்ஆன் 9:60இல் சொல்லப்பட்ட எட்டு வகையில் ஏழை, கடனாளி, வழிப்போக்கர் என்று ஏதாவது ஒன்றில் அவர் வந்துவிடுவார். இரண்டு சிக்கல்தான் உண்டு. ஒன்று தூரம். இன்னொன்று, முஸ்லிம் அல்லாதவருக்கு ஜகாத் கொடுப்பதை நான்கு மத்ஹபுகளும் பொதுவாக ஏற்பதில்லை. ஸதகாவுக்கு இந்தக் கட்டு எதுவும் கிடையாது. ஜகாத்துக்கு ஒரு நோட்டு, ஸதகாவுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறீர்களா? பல ஊரில் எல்லாம் ஒரே டப்பாவில்தான் விழுகிறது.

மன்னை ராவுத்தர்

காக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜகாத் வாங்குபவரின் கையில் உரிமையாகச் சேர வேண்டும் என்பது ஹனஃபி நிபந்தனை, தம்லீக் என்பார்கள். ஜகாத் காசில் முகாமில் கழிப்பறை கட்டினோம், ஆழ்குழாய் போட்டோம் என்றால் எங்கள் ஹஜ்ரத் (பள்ளிவாசல் இமாம்) முகம் சுளிப்பார். அதெல்லாம் ஸதகாவில் செய்யலாம்.

ஐநா அகதிகள் ஆணையம் ஜகாத் வாங்க ஆரம்பித்தபோது இந்தக் கேள்விகளைத் தாண்டித்தான் வந்தது. பல நாட்டு மார்க்க அறிஞர்களிடமும் ஃபத்வா அமைப்புகளிடமும் தீர்ப்பு வாங்கிக்கொண்டு, 2019இல் அகதிகளுக்கான ஜகாத் நிதி என்று தனியாகத் தொடங்கினார்கள். வாங்கும் ஜகாத் முழுவதும் அகதிகளுக்கே, நிர்வாகச் செலவு அதில் எடுப்பதில்லை என்பது அவர்களுடைய விதி. வேறு சில அமைப்புகள் வசூலிப்பவர் பங்கு என்று எட்டில் ஒன்று வரை எடுத்துக்கொள்கின்றன. அதுவும் கூடும்தான், ஆனால் கொடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துபாய் வலங்கைமான்

அந்தக் கோரிக்கை வைத்த பையன்கள் பக்கம்தான் நானும். ஜோர்டானில் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று சொல்கிறேன். சிரியாவிலிருந்து வந்த குடும்பத்தின் தலைவி வங்கி ஏடிஎம் முன்னால் போய் நிற்பார். கார்டு இல்லை, பின் நம்பர் இல்லை. இயந்திரம் கருவிழியைப் படித்து, ஆணையத்தின் பதிவோடு ஒப்பிட்டு, அந்த மாதத்துப் பணத்தைத் தள்ளும். பணத்தை வாடகைக்குக் கொடுப்பதா, மருந்துக்கா, பிள்ளையின் செருப்புக்கா என்பது அவர் முடிவு. ராவுத்தர் சொன்ன தம்லீக் இதைவிடச் சுத்தமாக எப்படி நடக்கும்?

2022இல் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் அகதிகள் ஆணையமும் சேர்ந்து இன்னொரு நிதியம் ஏற்படுத்தியிருக்கின்றன. அதில் ஒரு பகுதி, முதலைக் கரைக்காமல் முதலீடு செய்து வருமானத்தை மட்டும் அகதிகளுக்குச் செலவழிப்பது. நம் பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்த நஞ்சையை விற்காமல் குத்தகை நெல்லில் விளக்கெரிக்கிறோமே, அந்தக் கணக்குதான்.

2017 ஆகஸ்டுக்குப் பிறகு மட்டும் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்குள் ஓடினார்கள். இன்னமும் காக்ஸ் பஜாரில் மூங்கில் குடிசையில்தான் இருக்கிறார்கள். ஊரில் ஓடு மாற்றுவதும் வேண்டும், இதுவும் வேண்டும்.

துறைப்பூண்டி விவசாயி

நான் முஸ்லிம் இல்லை, ஆனால் கருத்து சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது நாங்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். காக்ஸ் பஜார் தெரிகிற உங்களுக்கு எங்கள் கிராமம் தெரிந்ததா? வந்த லாரியெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து ஊரிலேயே காலியாகிவிட்டது. உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்த எங்களுக்கு வந்து சேர்ந்தது பழைய துணி மூட்டை. பிரித்தால் கிழிந்த சுடிதாரும் குளிருக்குப் போடுகிற ஸ்வெட்டரும். டெல்டாவில் ஸ்வெட்டர்! எல்லாவற்றையும் வாய்க்கால் கரையில்தான் போட்டோம். சுனாமிக்கும் நாகப்பட்டினத்தில் இதே கூத்துதான்.

எங்களுக்கு வேண்டியிருந்தது தார்ப்பாய், கொசுவர்த்தி, அப்புறம் ஒரு ஜெனரேட்டர். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாமல் டேங்கில் தண்ணீர் ஏறாது. அதைப் புரிந்துகொண்டு வந்தவர்கள் முத்துப்பேட்டைப் பக்கத்துப் பாய்மார்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வேனில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்து, டேங்க் நிரம்புகிற வரை உட்கார்ந்திருந்து, அடுத்த ஊருக்குப் போனார்கள். பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை.

வெண்ணாற்றங்கரை

அண்ணே, தாராளமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது இழைக்கு வெளியே இல்லை. 2024 முடிவில் உலகத்தில் இடம்பெயர்ந்து வாழ்பவர்கள் 12 கோடியே 32 லட்சம் என்று ஐநா கணக்கு. அதில் 7 கோடியே 35 லட்சம் பேர் எல்லை தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைபவர்கள். அகதி என்றாலே படகில் வந்தவர் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

கொட்டப்பட்டு மகள்

பெயர் அடிபட்டதால் எழுதுகிறேன். நான் அந்த முகாமில் பிறந்தவள். இப்போது திருச்சியிலேயே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டார் 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். எனக்கு இந்தியக் குடியுரிமை கிடையாது.

எங்களுக்கு அரிசி கொண்டுவர வேண்டாம். அரிசியும் பணக்கொடையும் அரசு தருகிறது. 2021இல் அதைக் கூட்டினார்கள். குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. புது வீடுகளும் அறிவித்தார்கள், பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். நல்லதுதான். ஆனாலும் இரக்கம் வந்த எல்லோரும் ஐந்து கிலோ பையும் பேனரும்தான் கொண்டுவருகிறார்கள். ஒரு முறை வந்தவர்கள் புடவையை மார்புக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி, வெளிச்சம் சரியில்லை என்று என் அம்மம்மாவைத் திரும்ப வரிசையில் நிற்க வைத்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து அந்தப் புடவையை உடுத்தவேயில்லை.

எது இல்லை என்று சொல்கிறேன். எங்கள் ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பெயிண்ட் வேலை. சாரத்திலிருந்து விழுந்தால் அன்றோடு வருமானம் நின்றது, மூன்று மாதம் வீட்டில் கட்டிலோடு. மகள் காலேஜில் சேர்ந்தால் கட்டணத்துக்கு ஏதோ ஒரு உதவித்தொகை வரும், ஆனால் அது வருகிறவரை காலேஜ் காத்திருக்காது. ஹாஸ்டல் முன்பணம், தேர்வுக் கட்டணம், பஸ் பாஸ் என்று வரும். வங்கியில் கல்விக் கடன் கேட்டால் குடியுரிமைக்கு என்ன சான்று என்பார்கள். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள், பெயிண்ட் பிரஷ்ஷைத் தூக்குகிறார்கள். அந்த நேரத்தில் பத்தாயிரம் ரூபாய் ஒரு பிள்ளையின் நாலு வருஷத்தைக் காப்பாற்றும்.

விவசாயி அண்ணா, கஜாவுக்கு என் தம்பியும் அவனோடு வேலை செய்கிறவர்களும் அனுமதி வாங்கிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் வந்து ஓடு மாற்றினார்கள். சும்மா தகவலுக்குச் சொல்கிறேன்.

நெற்களஞ்சியம்

எல்லாம் சரி. யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேல் விரட்டப்பட்டார்கள். நகையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். புத்தளத்தில் ஓலைக் குடிசையில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. அவர்களுக்காக இங்கே எந்தத் தமிழன் முகாம் கட்டினான்? இப்போது ஜமாஅத் பணம் மட்டும் கொட்டப்பட்டுக்கு வேண்டுமா?

கொட்டப்பட்டு மகள்

நான் பணம் கேட்கவில்லை, பெயர் அடிபட்டதால் வந்தேன் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டி. அந்த ஊர்ச் சனத்தைக் கடலோரம் நிறுத்தி வெளியேற்றியதை எங்கள் ஆட்கள் சிலர் பார்த்திருக்கிறார்கள். என் அம்மம்மாவின் கூட்டாளி ஒருத்தி புத்தளம் போனார். அதே வருஷம் அம்மம்மா ராமேஸ்வரம் வந்தார். விரட்டியவர்கள் செய்தது அநியாயம், அதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனால் துவக்கு வைத்திருந்தவனிடம் கேட்க வேண்டிய கணக்கை ஐந்து வயதில் படகேறியவரிடம் கேட்காதீர்கள்.

அதிரை காக்கா

நெற்களஞ்சியம் தம்பி, வடக்கு முஸ்லிம்களின் கதை பேசப்பட வேண்டியது, நானும் ஒப்புக்கொள்கிறேன். அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், முதல் ஆளாக வந்து எழுதுகிறேன். ஆனால் ஒன்று. மக்காவிலிருந்து முதல் ஹிஜ்ரத் (புலம்பெயர்வு) போனவர்களுக்கு இடம் கொடுத்தவர் அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி. மக்காவின் குறைஷிக் குலத்தார் ஆளனுப்பித் திருப்பிக் கேட்டும் அவர் ஒப்படைக்கவில்லை. அந்தக் கதையை மிம்பரில் கேட்டுவிட்டு, இங்கே வந்து இனம் பார்த்துப் பிரிப்பது நமக்கு அழகில்லை.

தரங்கை லுத்தரன்

மூதூர் நினைவுக்கு வந்தது, அதனால் உள்ளே வருகிறேன். 2006 ஆகஸ்டில் திருகோணமலை மாவட்டத்து மூதூரில் ராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். தமிழர்களும் வேறு பக்கம் ஓடினார்கள். தொண்டு நிறுவன ஊழியர்கள் 17 பேர் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்டதும் அப்போதுதான். வெளி அமைப்புகள் உள்ளே போகவே பயந்த நேரம் அது. அந்தச் சமயத்தில் லண்டனைச் சேர்ந்த முஸ்லிம் எய்டும் அமெரிக்க மெதடிஸ்ட் திருச்சபையின் நிவாரண அமைப்பும் கைகோத்தன. பொருளையும் ஆளையும் பொதுவில் வைத்து, இரண்டு பக்கத்து மக்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். கிறிஸ்தவ அமைப்பு முஸ்லிம் ஊருக்குள் தனியாகப் போயிருந்தால் மதம் மாற்ற வந்தான் என்பார்கள். முஸ்லிம் அமைப்பு தமிழ் ஊருக்குள் போயிருந்தாலும் சந்தேகப்பார்வைதான். சேர்ந்து போனதால் இரண்டு கதவும் திறந்தன. பிறகு 2007இல் அதை முறையான ஒப்பந்தமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

எங்கள் சபைக்கும் இதில் ஒரு தூரத்து உறவு உண்டு. 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியதில் தொடங்கிய தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, உலக லுத்தரன் கூட்டமைப்பின் உறுப்பினர். அந்தக் கூட்டமைப்பும் இஸ்லாமிக் ரிலீஃபும் 2014இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அகதிகள் பணியில் சேர்ந்து இயங்குகின்றன. நான் சொல்ல வருவது, உங்கள் ஜமாஅத் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். இலங்கைத் தமிழர் முகாம்களில் 1984 முதல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இருக்கிறது, சந்திரஹாசன் தொடங்கியது. முகாம்காரர்களே நடத்துவது. இயேசு சபையின் அகதிகள் பணி அமைப்பு மாலைநேரப் பாடம் எடுக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எந்தத் தேதியில் ஃபீஸ் கட்ட வேண்டும் என்பது இவர்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

நாகை ஆடிட்டர்

மார்க்கம் பேசியாகிவிட்டது, இப்போது என் முறை. கொஞ்சம் கசக்கும்.

உள்ளே வரும் பணம்: சிங்கப்பூரில் வேலை செய்யும் பையன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக ஜமாஅத்துக்கு அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. நிரந்தரவாசி உரிமை மட்டும் வாங்கியிருந்தாலும் அப்படித்தான். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டான் என்றால், உங்கள் சொந்தச் சித்தப்பா மகனாக இருந்தாலும், ஜமாஅத் கணக்குக்கு அவன் அனுப்புவது எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. பதிவோ முன் அனுமதியோ இல்லாத ஜமாஅத் அதைத் தொடவே கூடாது. பதிவு இருக்கிறவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் வாங்க முடியும். வாங்கியதை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. அதாவது வெளிநாட்டுப் பணத்தை வாங்கி முகாமில் வேலை செய்யும் அமைப்புக்குக் கொடுப்போம் என்று திட்டம் போட்டிருந்தால், அதை இப்போதே மறந்துவிடுங்கள்.

வெளியே போகும் பணம்: இந்தியாவில் வசிக்கும் தனிநபர், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், அதில் நன்கொடையும் அடங்கும். அந்த வசதி தனிநபருக்கு மட்டும்தான், ஜமாஅத்துக்கோ டிரஸ்டுக்கோ கிடையாது. தவிர, வரிவிலக்கு பெற்ற டிரஸ்ட் வெளிநாட்டில் செலவழித்தால் அந்தத் தொகைக்கு விலக்கு நிற்காது. எனவே காக்ஸ் பஜாருக்கோ ஜோர்டானுக்கோ கொடுக்க நினைப்பவர் தன் கணக்கிலிருந்து தானே கொடுக்கட்டும். வங்கியைத் தவிர்த்து உண்டியலில், அதாவது ஹவாலாவில் அனுப்பலாம் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் மினிட்ஸ் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

நம் நாட்டுக்குள் இருக்கிற அகதிகள்: 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, தனி அகதிச் சட்டமும் இல்லை. இலங்கைத் தமிழர் முகாமுக்குள் நினைத்த நேரத்தில் போக முடியாது, அதிகாரிகளிடம் அனுமதி வேண்டும். அங்கே ஏற்கெனவே அனுமதியோடு இயங்குபவர்கள் மூலம் போனால் இந்த அலைச்சல் மிச்சம்.

கடைசியாக ஒன்று. ரமலான் வந்தால் அழுகிற குழந்தை படத்தோடு ஒரு கியூஆர் கோடு சுற்றும், ஸ்கேன் செய்தால் ஏதோ ஒரு தனிநபர் பெயர் வரும். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

துபாய் வலங்கைமான்

ஆடிட்டர் சார், பாஸ்போர்ட் விஷயம் எங்கள் குழுவில் யாருக்குமே தெரியாது. ஆனால் தூரத்து அகதிகள் விஷயம் தனிநபர் தலையில் விழுந்துவிட்டதில் எனக்கு வருத்தம்தான். ஜமாஅத் சொன்னால் ஆயிரம் பேர் கொடுப்பார்கள், தனியாகக் கொடு என்றால் பத்து பேர்.

மன்னை ராவுத்தர்

அதற்கு ஹஜ்ரத் ஜும்ஆ பயானில் (சொற்பொழிவில்) சொல்லலாமே தம்பி. வசூல் செய்வதற்குத்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது, பேசுவதற்கு இல்லை. நம்பகமான வழி எது, எட்டில் ஒரு பங்கு எடுப்பவர் யார், எடுக்காதவர் யார் என்று விவரம் அச்சடித்துத் தொழுகை முடிந்து கொடுங்கள்.

வெண்ணாற்றங்கரை

கூட்டம் முடிந்தது. காரசாரமாகத்தான் போனது, ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

ஜகாத்தில் கை வைப்பதில்லை என்று முடிவு. அது ஊருக்குள்ளேயே. எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை, ஹனஃபியில் இடமிருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன், பெரும்பான்மை வேறு பக்கம். ஸதகாவுக்குத் தனி நோட்டு, தனி வங்கிக் கணக்கு. காக்கா கேட்டது போல எங்கள் டப்பாவும் ஒன்றாகத்தான் இருந்தது. அந்த ஸதகாவில் ஒரு பகுதி முகாம் பிள்ளைகளின் படிப்புக்கு. பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் அமைப்பு. பணம் நேராகக் காலேஜ் கணக்குக்குப் போகும், மதம் கேட்பதில்லை. இன்னொரு பகுதியில் தார்ப்பாயும் ஒரு ஜெனரேட்டரும் வாங்கி மதரஸா அறையில் வைக்கப்போகிறோம், ஐப்பசி கார்த்திகைக்கு. துறைப்பூண்டி அண்ணனின் ஸ்வெட்டர் கதையைக் கூட்டத்தில் வாசித்தபோதுதான் இது வந்தது.

பேனர் வேண்டாம் என்ற தீர்மானத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. "படம் இல்லாட்டி துபாய்க்காரன் அடுத்த வருஷம் குடுப்பானா?" என்று பொருளாளர் கேட்டார். முத்தவல்லி குறுக்கிட்டு, "ரசீது காட்டு, போதும். காலேஜ் ரசீதை விடப் பெரிய படம் வேணுமா" என்றார். பந்தல் போடக் கிளம்பிட்டாங்க என்றவரும் அவரேதான்.

மகள், எந்த மாதத்தில் ஃபீஸ் நெருக்கடி அதிகம் என்று முடிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

கொட்டப்பட்டு மகள்

ஜூன், ஜூலை. முதல் வருஷம் சேர்கிறவர்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். பெயிண்டர் குடும்பமென்றால் ஐப்பசி மழைக்காலமும். மழையில் வெளிச்சுவர் வேலை இருக்காது, அதே சமயத்தில் செமஸ்டர் தேர்வுக் கட்டணம் வரும். பாஸ் ஆனவர்களை விட அரியர் வைத்த பிள்ளைகளையும் பாருங்கள். அவர்களுக்கு எந்த உதவித்தொகையும் வராது.

நாகை ஆடிட்டர்

வெண்ணாறு, சிங்கப்பூர்ப் பையன்களில் யார் யார் பாஸ்போர்ட் மாற்றிவிட்டார்கள் என்று பட்டியல் எடுத்தீர்களா? வசூல் தொடங்குவதற்கு முன் எனக்கு வேண்டும்.

வெண்ணாற்றங்கரை

எடுத்துக்கொண்டிருக்கிறேன் சார். இரண்டு பேர் பதில் சொல்லாமல் தம்ஸ்அப் மட்டும் போடுகிறார்கள்.